எண்பெயர்வும் விருப்ப எண்ணும்

காரைக்குடியில் ஒரு செல்போன் கடைக்கு வரும் ஆச்சி, "தம்பி, நம்பர் மாத்தணும்" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் மனத்தில் இருப்பது மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். கம்பெனி மாற வேண்டும், எண் அப்படியே இருக்கட்டும். அல்லது கம்பெனி இருக்கட்டும், எண் வேறு வேண்டும். அல்லது சிம் பழுது, அதை மட்டும் புதிதாக வாங்க வேண்டும். மூன்றுக்கும் நாம் "மாத்தணும்" என்றே சொல்லிவிடுகிறோம். கடைக்காரர் நிதானமாகக் கேட்காமல் புதுச் சிம்மை எடுத்து நீட்டினால், சிங்கப்பூரிலிருக்கும் மகன் மனப்பாடமாக வைத்திருக்கும் எண் ஆச்சியின் கையைவிட்டுப் போய்விடும்.

அதனால்தான் இங்கே புழங்கும் போர்ட், பேன்சி நம்பர் என்னும் இரண்டு சொற்களையும் பிரித்துப் பார்ப்பது அவசியம் என்று நினைக்கிறேன். இரண்டையும் ஒரே கடையில், ஒரே மூச்சில் சொல்கிறார்கள். செய்யும் வேலையோ நேர் எதிர்.

போர்ட் என்பது 'போர்ட்டபிலிட்டி' என்பதன் குறுக்கம். இதற்கு வேர் 'போர்ட்டாரே' என்னும் லத்தீன் வினை. சுமந்து செல், கொண்டு போ என்று பொருள். சுமை தூக்கும் போர்ட்டர், இம்போர்ட், எக்ஸ்போர்ட், டிரான்ஸ்போர்ட் எல்லாம் இந்தக் குடும்பம். துறைமுகத்தைக் குறிக்கும் போர்ட் 'போர்ட்டஸ்' என்ற வேறு லத்தீன் சொல்லின் வழியில் வந்தது. ஆகவே "நம்பரை போர்ட் பண்ணுகிறேன்" என்பவர் எண்ணை மாற்றவில்லை. இருக்கிற எண்ணைக் கையோடு கொண்டுபோகிறார்.

இந்த வசதி 2010 நவம்பர் 25 அன்று ஹரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20 அன்று நாடு முழுவதற்கும் வந்தது. அப்போது அந்தந்தத் தொலைத்தொடர்பு வட்டத்துக்குள், அதாவது பெரும்பாலும் ஒரு மாநில அளவில், மட்டும்தான். தமிழ்நாட்டு எண்ணை மும்பைக்குப் போய் அங்குள்ள நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளும் உரிமை 2015 ஜூலை 3 முதல் கிடைத்தது. இந்த வசதியே வருவதற்கு முன்பு 94 என்று தொடங்கினால் பிஎஸ்என்எல் என்று எண்ணைக் கேட்டவுடனே சொல்லிவிடுவார்கள். இன்று முதல் இலக்கங்களை வைத்து நிறுவனத்தை உறுதியாகச் சொல்ல முடியாது.

தமிழில் இதற்கு எண்பெயர்வு என்பதே எனக்குப் பிடித்த சொல். பெயர்தல் என்றால் இடம் விட்டு நகர்தல்: இடம்பெயர்தல், புலம்பெயர்தல். நகர்ந்தாலும் ஆள் அதே ஆள்தான் என்ற குறிப்பும் அதில் உண்டு. இலக்கணத்தில் ஒன்று, இரண்டு போன்றவற்றை எண்ணுப்பெயர் என்பதால் குழப்பம் வரும் என்று யாராவது சொல்லலாம். கடைசியிலுள்ள 'வு' அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறது. பேச்சில் இவ்வளவும் வேண்டாம். "பழைய நம்பரையே கொண்டு போறேன்" என்றால் போதும், போர்ட்டாரே என்பதன் பொருள் அப்படியே வந்துவிடும்.

செட்டிநாட்டில் இந்தக் கருத்து புதிதும் இல்லை. பர்மா, மலாயா, இலங்கை என்று வணிகத்துக்குப் போவதைக் 'கொண்டுவிக்கப் போவது' என்பார்கள் நகரத்தார். அப்படிப் போன கடைக்கு ஒரு விலாசம் இருந்தது. மற்ற ஊர்களில் விலாசம் என்றால் முகவரி. இவர்களிடமோ அது முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த, கடையின் அடையாளம். கடை ரங்கூனிலிருக்கும், பினாங்கிலிருக்கும். பார்த்துக்கொள்ளும் ஏஜெண்டு சில ஆண்டுகளில் ஊர் திரும்புவார், வேறொருவர் போவார். உண்டியல் என்னும் பணச்சீட்டில் அதே விலாசம்தான் நிற்கும், அதைப் பார்த்துத்தான் பணம் கைமாறும். காரைக்குடியில் பிறந்த ஏ.வி.மெய்யப்பனின் ஏவிஎம் என்ற மூன்றெழுத்தை நாடே அறியும். பத்து இலக்க எண்ணையும் பலர் இன்று அப்படித்தான் நடத்துகிறார்கள். சேவை தரும் நிறுவனம் மாறலாம், தன்னை அழைக்கும் எண் மாறக் கூடாது என்பதே எண்பெயர்வின் உயிர்.

இனி பேன்சி நம்பர். 'பேன்டஸி' என்ற ஆங்கிலச் சொல் பதினைந்தாம் நூற்றாண்டில் சுருங்கி 'பேன்சி' ஆனது. அதன் மூலம் கிரேக்கத்து 'பன்டாசியா': மனத்தில் எழும் தோற்றம், கற்பனை. கற்பனையிலிருந்து மனம் போகும் போக்கு, விருப்பம் என்ற பொருள் பிறந்தது. அலங்காரமான என்ற பொருள் அதற்கும் பின்னால் வந்தது. தமிழ்நாட்டுக் கடைத்தெரு பிடித்துக்கொண்டது கடைசிப் பொருளைத்தான். வளையல், ரிப்பன், பொட்டு விற்கும் பேன்சி ஸ்டோர் அதற்குச் சாட்சி. அமெரிக்காவில் இதையே 'வேனிட்டி நம்பர்' என்கிறார்கள். அதன் லத்தீன் மூலமான 'வானுஸ்' வெறுமையைக் குறிப்பது. அங்கே விசைப்பலகை எழுத்துகளால் கடைப் பெயரையே எண்ணாக அமைக்கும் பழக்கம் உண்டு. நம்மிடம் இலக்கங்களின் அடுக்குக்குத்தான் மதிப்பு.

ஆடம்பர எண், கவர்ச்சி எண் என்றெல்லாம் மொழிபெயர்ப்பதை நான் ஏற்கமாட்டேன். எண்ணைத் தேடுகிறவர் பெரும்பாலும் ஆடம்பரத்துக்குத் தேடுவதில்லை. மொய்யில் 101, 501, 1001 என்று வைத்துப் பழகிய வீட்டில் 1001 என்று முடியும் எண்மீது ஆசை வருவது இயல்பு. பலகாரம் போட்டு விற்கும் ஒரு ஆச்சிக்கு 7007 போன்ற முடிவு இருந்தால், ஒருமுறை கேட்டவர் மறக்கமாட்டார். இலக்கங்களைக் கூட்டி எட்டு வராமல் பார்ப்பவரும் உண்டு. அது அவரவர் நம்பிக்கை. எனக்கு உகந்த யோசனை வேறு. காரைக்குடியின் 04565, தேவகோட்டையின் 04561 ஆகிய குறியீடுகளுக்குப் பின்னால் வீட்டுத் தொலைபேசிக்கு ஆறு இலக்கங்கள்தாம். ஊரார் நெஞ்சிலிருக்கும் அந்த ஆறையே கைபேசி எண்ணின் கடைசி ஆறாகக் கேட்டுப் பார்க்கலாம். விருப்பம் என்பது சொல்லின் பழைய பொருளும்கூட என்பதால் விருப்ப எண் என்பதே சரியான தமிழ். இலங்கையில் தொலைபேசி இலக்கம் என்பார்கள், அது அவர்கள் வழக்கு. நமக்கு இலக்கம் என்றால் எண்ணின் ஒரு கூறு.

கம்பெனி மாறும்போதே விருப்ப எண்ணும் வேண்டும் என்றால், அது எண்பெயர்வு ஆகாது. புதிய நிறுவனத்தில் புதிய இணைப்பாக வாங்க வேண்டும். நிறுவனங்கள் தங்கள் தளத்தில் கடைசிச் சில இலக்கங்களைக் கொடுத்துத் தேட விடுகின்றன. பிஎஸ்என்எல் அரிய எண்களை மின்னேலத்திலும் விடுகிறது. நிறுவனத்தின் நேரடி விற்பனையைத் தவிர, குறுஞ்செய்தியில் வந்து முன்பணம் கேட்பவரை நம்ப வேண்டாம். பிடித்த எண் வேறு நிறுவனத்தில்தான் இருக்கிறதென்றால் அங்கே வாங்கி, 90 நாள் வைத்திருந்து, பிறகு வேண்டிய நிறுவனத்துக்குப் பெயர்த்துக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன். நீங்கள் விட்டுவிடும் பழைய எண் 90 நாளுக்குப் பிறகு வேறொருவருக்குப் போகலாம். வங்கி, ஆதார், எரிவாயு இணைப்பு எல்லாவற்றிலும் புதிய எண்ணைப் பதிந்த பிறகே பழையதைக் கைவிடுங்கள்.

பழைய எண்ணே போதும் என்பவருக்கு வேலை குறைவு. போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு, எண்ணை எழுதி 1900-க்கு அனுப்பினால் எட்டு எழுத்துக் குறியீடு வரும். தமிழ்நாட்டில் அது நான்கு நாள் செல்லும். அதற்குள் ஆதாரோடு புதிய நிறுவனத்தின் கடைக்குப் போக வேண்டும். வட்டத்துக்குள் மூன்று வேலைநாள், வெளிவட்டமென்றால் ஐந்து. மாதக் கட்டண இணைப்பில் பாக்கி இருந்தால் குறியீடு கிடைக்காது. அண்மையில் சிம்மை மாற்றியவர் ஏழு நாள் பொறுக்க வேண்டும். திருட்டைத் தடுக்க 2024 ஜூலை 1 முதல் அப்படி ஒரு விதி. கடையில் கேட்கும்போது "நம்பர் அதே, கம்பெனி மட்டும் வேற" என்று ஐந்து சொல்லில் சொல்லிவிடுங்கள்.