நமத்துப் போன சிப்ஸுக்குக் குரல் ஏன் எழும்பவில்லை?

"உப்பும் காரமும் அப்படியேதான் இருக்கு. நமத்துப் போன சிப்ஸ் மட்டும் ஏன் வாயில் வைக்க முடியலை?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். சிப்ஸை நாம் பாதி காதால்தான் சாப்பிடுகிறோம், அதனால்தான். இதைச் சோதித்துப் பார்க்கக் கைகொடுத்தது, குழாய் டப்பாவில் அடுக்கி விற்கும் பிரிங்கிள்ஸ் சிப்ஸ்.

1968இல் அமெரிக்காவின் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சிப்ஸ் உடைந்து தூளாகிறது, பாக்கெட்டில் பாதி காற்றுதான் என்று அப்போதும் புகார். வேதியியலாளர் ஃப்ரெட் பாவர் சேணம் போல வளைந்த வடிவத்தையும், அதை அடுக்கி வைக்கக் குழாய் டப்பாவையும் உருவாக்கினார். (2008இல் அவர் இறந்தபோது, அவர் விருப்பப்படியே அஸ்தியில் ஒரு பகுதியை அந்த டப்பாவில் வைத்துப் புதைத்தார்கள்!) உலர்ந்த உருளைக்கிழங்கு மாவைப் பிசைந்து, தகடாகத் தேய்த்து, வெட்டிப் பொரிப்பது. நம் அப்பளத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். வரி விஷயத்தில் "இது உருளைக்கிழங்கு சிப்ஸே இல்லை" என்று பிரிட்டனில் நிறுவனமே வாதாடி, 2009இல் தோற்றது தனிக்கதை.

இப்போது சத்தத்துக்கு வருவோம். கிழங்கில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். கொதிக்கிற எண்ணெயில் அது ஆவியாகப் பறந்துவிட, உள்ளே குட்டிக் குட்டி வெற்றறைகள் மிஞ்சும். அவற்றின் மாவுச்சத்துச் சுவர்கள் கண்ணாடி மாதிரி விறைத்துப் போகும். பல் அழுத்தும்போது சுவர் வளையாது. தாங்கும்வரை தாங்கிப் பட்டென்று உடையும். அடுத்த சுவர், அதற்கடுத்த சுவர்... நமக்கு ஒரே 'மொறுக்'காகக் கேட்பது வரிசையாக வெடிக்கும் ஊசிப்பட்டாசுச் சரம். அது காற்று வழியாக மட்டுமல்ல, தாடை எலும்பு வழியாகவும் காதை எட்டுகிறது. பந்தியில் அப்பளம் கடிக்கும்போது பக்கத்து இலைக்காரர் பேசுவது கேட்காமல் போகிறதே, அதனால்தான்.

ஈரம் புகுந்தால், நீர் மூலக்கூறுகள் மாவுச்சத்துச் சங்கிலிகளுக்கு இடையே நுழைந்து வழுக்க விடுகின்றன. சுவர் உடையாமல் மடங்குகிறது. பட்டாசு நனைந்துவிட்டது.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சார்ல்ஸ் ஸ்பென்ஸும் மாசிமிலியானோ சாம்பினியும் ஆட்களை மைக் முன் உட்காரவைத்து, ஹெட்ஃபோன் மாட்டிப் பிரிங்கிள்ஸ் கடிக்கச் சொன்னார்கள். ஒன்று போல் இன்னொன்று இருப்பதால் சோதனைக்கு அது வசதி. வாழைக்காய் வறுவலில் இது நடக்காது. கடிக்கும் சத்தத்தை அப்போதைக்கப்போதே மாற்றிக் காதுக்குள் திருப்பி அனுப்பினார்கள். ஒலியைக் கூட்டினாலோ, கீச்சென்ற உயர் அதிர்வெண்களை மட்டும் தூக்கினாலோ, அதே சிப்ஸ் கூடுதல் மொறுமொறுப்பாகவும் புதிதாகவும் தோன்றியது. குறைத்தால் நமத்ததாகத் தோன்றியது. 2004இல் வெளியான இந்த ஆய்வுக்கு 2008இல் இக் நோபல் பரிசு கிடைத்தது (சிரிக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரும், நோபலின் கேலி வடிவம்). நம்மூரில் இதற்கு நிதி கேட்டிருந்தால் கமிட்டி டீ கொடுத்து அனுப்பியிருக்கும். சிப்ஸ் தீப்பிடித்து எரிகிறது, ஆகவே பிளாஸ்டிக் என்று வீடியோ பரப்ப மட்டும் நமக்கு நேரமிருக்கிறது. எண்ணெயும் மாவும் எரியாமல் என்ன செய்யும்?

விளம்பரக்காரர்களோ ஆய்வுக்குக் காத்திருக்கவில்லை. 'ஒன்ஸ் யூ பாப், யூ கான்ட் ஸ்டாப்' ('பட்'டென்று திறந்துவிட்டால் நிறுத்த முடியாது) என்ற பிரிங்கிள்ஸ் வாசகம் தொண்ணூறுகளிலேயே வந்துவிட்டது. டப்பா திறக்கிற சத்தத்தையே முதலில் விற்றார்கள்.

கேள்வி கேட்ட வாசகருக்கு: எண்ணெய் விடாத தோசைக்கல்லில், சிறு தீயில் இரண்டு நிமிடம் புரட்டுங்கள். ஈரம் போய்விடும். நன்றாக ஆறவிட்டுக் கடியுங்கள், டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு.