பிரிட்டன் மாணவர் விசா: பணம் இருந்தும் மறுக்கப்படுவது ஏன்?

வங்கியில் போதிய பணம் இருந்தும் விசா மறுக்கப்படுவது பிரிட்டன் விண்ணப்பங்களில் அடிக்கடி நடக்கிறது. பணம் யார் பெயரில், எந்தத் தேதியிலிருந்து, எந்த வடிவில் இருக்கிறது என்ற மூன்றில் ஒன்று இடறியிருக்கும்.

முதலில் தொகை. படிக்க இடம் உறுதி என்று பல்கலைக்கழகம் அனுப்பும் சி.ஏ.எஸ். ஆவணத்தில் உள்ள முதலாண்டுக் கட்டணத்தில் கட்டியது போக மீதி. அதோடு அதிகபட்சம் 9 மாத வாழ்க்கைச் செலவு. 2025 நவம்பர் 11-இல் உயர்த்தப்பட்ட விகிதப்படி லண்டனில் மாதம் 1,529 பவுண்டு, வெளியே 1,171. மான்செஸ்டரில் 18,000 பவுண்டு கட்டணத்தில் 4,000 கட்டியாயிற்று என்றால், மீதி 14,000, செலவுக்கு 10,539, ஆக 24,539 பவுண்டு காட்டவேண்டும். கட்டிய 4,000 சி.ஏ.எஸ்.ஸில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறாவிட்டால் பல்கலைக்கழகத்துக்கு எழுதித் திருத்தி வாங்குங்கள்.

இந்தத் தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் நிற்கவேண்டும். அந்த 28-ஆவது நாள், விண்ணப்பிக்கும் தேதிக்கு 31 நாளுக்கு முன்னால் போய்விடக் கூடாது. ஆகஸ்ட் 31-இல் விண்ணப்பித்தால் ஜூலை 4 முதல் 31 வரையிலான இருப்பு செல்லும். அதற்கு முந்தைய ஸ்டேட்மென்ட் செல்லாது. இடையில் ஒரு நாள் இருப்பு குறைந்தாலும் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்துதான். ஏ.டி.எம். கார்டுக்கு வங்கி தானாகப் பிடிக்கும் ஆண்டுக் கட்டணமே இதற்குப் போதும். ரூபாய் மதிப்பும் விண்ணப்ப நாளின் மாற்று விகிதத்தில் கணக்கிடப்படுவதால், தேவையைவிட 5% கூடுதலாக வைப்பதே எங்கள் யோசனை.

கணக்கு மாணவர் பெயரிலோ பெற்றோர் பெயரிலோ இருக்கலாம். சித்தப்பா, அண்ணன், மாமா கணக்கு செல்லாது; அவர்கள் உதவுவதென்றால் பணம் அப்பா கணக்குக்கு வந்து 28 நாள் கிடக்கவேண்டும். கடையின் நடப்புக் கணக்கு, நகை மதிப்பு, நிலத்தின் மதிப்பு, சீட்டுப் பணம், பி.எஃப். இருப்பு எதுவும் கணக்கில் வராது. எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய வைப்புத்தொகை செல்லும்.

பெற்றோர் பணமென்றால் பிறப்புச் சான்றும் அவர்களின் சம்மதக் கடிதமும் தேவை. நம் ஊரில் சிக்கல் இங்கேதான் முளைக்கும்: பிறப்புச் சான்றில் அப்பா பெயர் இனிஷியலோடு, பாஸ்புக்கில் இனிஷியல் இல்லாமல், பாஸ்போர்ட்டில் தாத்தா பெயர் விரிந்து. வங்கியில் பெயரைத் திருத்த நாளாகும். இடம் கிடைக்கும் முன்பே முடித்துவிடுங்கள்.

கல்விக் கடனுக்கு 28 நாள் விதி இல்லை. ஆனால் வங்கியின் கடன் கடிதம் ஆறு மாதத்துக்குள் தேதியிட்டதாக, மாணவர் பெயரில் கல்விக் கடனாக இருக்கவேண்டும். விசா கிடைத்தால் தருவோம் என்பதைத் தவிர வேறு நிபந்தனை கூடாது. ‘கொள்கையளவில் ஒப்புதல்’ என்று வரும் கடிதம் உதவாது. அதில் பத்திரச் சரிபார்ப்பு பாக்கி என்றே இருக்கும். அரசு வங்கிகள் பொதுவாக 7.5 லட்சத்துக்கு மேல் சொத்து ஈடு கேட்கும், பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களுக்கு விலக்கு உண்டு. தாத்தா பெயரிலேயே பாகம் பிரிக்காமல் கிடக்கும் வீடு, அங்கீகாரமில்லா மனை, விவசாய நிலம் ஆகியவற்றை வங்கி வக்கீலின் கருத்துரையிலேயே தள்ளிவிடுவார்கள். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் கடனுக்கு விண்ணப்பிக்கும் முன்பே ஒருமுறை ஒத்துப் பாருங்கள். வெளிநாட்டுப் படிப்புக்கு மொத்தச் செலவில் 15% மார்ஜின், அதாவது உங்கள் பங்கு, உங்கள் கையிலிருந்து போகவேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சொந்தப் பணத்தை அனுப்பும்போது நிதியாண்டுக்கு 10 லட்சம் வரை டி.சி.எஸ். (வங்கி முன்கூட்டியே பிடிக்கும் வரி) இல்லை, வங்கிக் கல்விக் கடனிலிருந்து நேராகப் போனால் எவ்வளவானாலும் இல்லை. பணம் அனுப்பும் படிவத்தில் கல்விக்கான குறியீடு எஸ் 0305. கவுண்டரில் இருப்பவர் ‘உறவினர் பராமரிப்பு’ என்று போட்டுவிட்டால், வரம்புக்கு மேல் 20% பிடித்துவிடுவார்கள். வருமானவரிக் கணக்கில் அதைச் சரிக்கட்டலாம்தான், ஆனால் கட்டணத்துக்குக் கடைசி நாளன்று அந்தப் பணம் கையில் இருக்காது.

வட்டியையும் இப்போதே போட்டுப் பாருங்கள். 30 லட்சம் மொத்தமாக எடுத்து, 10% தனிவட்டியில், ஓராண்டுப் படிப்பும் மேலும் ஓராண்டு அவகாசமும் முடிந்தால் 36 லட்சம் நிற்கும். பத்தாண்டுத் தவணை மாதம் சுமார் 47,600 ரூபாய். அந்த இரண்டு ஆண்டும் மாதம் 25,000 வட்டி கட்டிவந்தால் தவணை 39,650-இல் நிற்கும். வருமானவரியில் இந்த வட்டிக்கு எட்டு ஆண்டு வரை உச்சவரம்பின்றிக் கழிவு உண்டு. பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும்.