வேர் செய்வது ஆக்கிரமிப்பா, ஊடுருவலா?

பக்கத்து மனையில் நிற்கும் மரத்தின் வேர் நம் சுவருக்கு அடியில் புகுந்துவிட்டால், புகார் மனுவில் 'ஆக்கிரமிப்பு' என்று எழுதுகிறோம். பேச்சில் அதுவே 'என்க்ரோச்மென்ட்'. இரண்டுமே வேருக்குப் பொருந்தவில்லை என்பது என் எண்ணம்.

என்க்ரோச்மென்ட் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். அதன் உள்ளே இருப்பது 'க்ரோக்', அதாவது கொக்கி. கொக்கி போட்டு இழுத்துக்கொள்வது என்பதுதான் மூலப்பொருள். ஆக்கிரமிப்பு வடமொழி, அடியெடுத்து வைப்பதைக் குறிக்கும் 'க்ரம்' அதன் வேர். ஒன்றில் கை, இன்னொன்றில் கால். இரண்டிலும் வேண்டுமென்றே செய்கிற ஒரு ஆள் இருக்கிறான்.

சரி, 'அத்துமீறல்' என்று சொல்லலாமே? கேட்க நல்ல தமிழாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லை என்று பொருள்படும் அந்த 'அத்து', அரபியின் 'ஹத்' வழியாக வந்தது. தெலுங்கில் அதுவே 'ஹத்து'. நம் சொல் வரம்பு. வயலின் வரப்பும் அதுவும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள். ஆனாலும் 'வரம்பு மீறல்' என்றால் மரம் ஏதோ மரியாதை கெட்டு நடந்துகொண்ட மாதிரி இருக்கிறது.

வேர் உண்மையில் என்ன செய்கிறது? ஈரம் இருக்கும் பக்கம் வளர்கிறது, அவ்வளவுதான். கழிவுநீர்க் குழாயின் இணைப்பில் முடி அளவு இடுக்கு இருந்தால் போதும், மெல்லிய வேர் ஒன்று நுழைந்துவிடும். அப்புறம் உள்ளேயே கிளைத்துச் சடைபோலத் திரண்டு குழாயை அடைத்துவிடும். களிமண் நிலத்தில் வேறு கதை. வேர் நீரை உறிஞ்ச, மண் சுருங்கி அடித்தளம் இறங்கும். செங்கல் இணைப்புகளை ஒட்டிப் படிக்கட்டு மாதிரி விரிசல் ஓடும்.

இதற்குச் சரியான சொல் 'ஊடுருவல்'. ஊடு என்றால் நடுவே, உருவுதல் என்றால் துளைத்துச் செல்லுதல். 'வேர் ஊடுருவல்' என்று எழுதினால் நடந்தது அப்படியே கண்முன் வரும், யார்மேலும் பழி விழாது.

சட்டமும் ஏறக்குறைய இப்படித்தான் பார்க்கிறது. நீதிமன்றத் தீர்ப்புகளின் வழியே உருவான ஆங்கிலேயப் பொதுச் சட்டம் வேர் நுழைவதை 'நியூசன்ஸ்' வகையில் வைக்கிறது. தீங்கு செய்தலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது, தமிழில் தொல்லை. மரத்துக்காரர் வேண்டுமென்றே செய்தாரா என்பது அங்கே கேள்வியே இல்லை. சேதம் வரும் என்று முன்கூட்டி அறிய முடிந்ததா, அறிந்தபின் என்ன செய்தார் என்பதே கேள்வி. லண்டனில் நடைபாதை மரம் ஒன்றின் வேரால் அடுக்குமாடிக் கட்டடம் விரிசல் கண்டது. தெரிவித்த பிறகும் மரத்தை அகற்றாத வெஸ்ட்மின்ஸ்டர் மாநகர மன்றம் சுமார் 5 லட்சத்து 70 ஆயிரம் பவுண்டு சீரமைப்புச் செலவுக்குப் பொறுப்பு என்று 2001-ல், அப்போது அந்நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1931-ல் வந்த தீர்ப்போ நேர் எதிர்: வழக்கு எதற்கு, உன் நிலத்துக்குள் வந்த வேரை நீயே வெட்டிக்கொள்.

வெட்டும் உரிமை பல நாடுகளில் உண்டு. பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் 673-ஆம் பிரிவில் ஒரு வேடிக்கை: எல்லைக் கோடுவரை வேரை நாமே வெட்டலாம், பெரிய கிளை என்றால் மரத்துக்காரரைத்தான் வெட்டவைக்க வேண்டும்.