மதில் ஓரத்தில் என்ன செடி வைக்கலாம்?

வீடு கட்டி முடித்த கையோடு தோட்டம் அமைக்க ஆலோசனை கேட்டு அழைப்பவர்கள், பெரும்பாலும் செடிகளை வாங்கி நட்டுவிட்ட பிறகே அழைக்கிறார்கள். நர்சரியில் சிறு பையில் பூத்துக் குலுங்கிய செம்பருத்தியும் இட்லிப்பூவும் மதிலுக்கும் வீட்டுச் சுவருக்கும் இடைப்பட்ட மூன்றடிச் சந்தில் நெருக்கமாக வரிசை கட்டி நிற்கும். தோட்டக்கலை ஆலோசகர் என்ற முறையில் நான் முதலில் கேட்பது, அந்தச் செடி நன்றாக வளர்ந்த பின் எவ்வளவு அகலத்துக்குப் பரவும் என்று விற்றவர் சொன்னாரா என்பதைத்தான். செம்பருத்தி ஐந்தாறு அடி அகலத்துக்கு எளிதாகப் பரவும். பவளமல்லியோ பத்தடிக்கு மேல் உயர்ந்து சிறு மரமாகவே நிற்கும். முழு வளர்ச்சியில் பரவும் அகலத்தில் பாதியையாவது சுவரிலிருந்து விட்டு நட வேண்டும். அவ்வளவு இடம் இல்லையென்றால் அந்தச் செடி அந்த வீட்டுக்கு உரியதன்று.

இடைவெளி இல்லாமல் நட்டால் சுவர்ப் பக்கக் கிளைகள் வெயில் படாமல் காய்ந்துபோகும். காற்றோட்டமற்ற அந்த இடுக்கில்தான் மாவுப்பூச்சி முதலில் குடியேறும். செம்பருத்தித் தண்டில் எறும்புகள் சாரை சாரையாக ஏறுவதைக் கண்டால், நுனிக் குருத்தை விரித்துப் பாருங்கள். வெள்ளைப் பஞ்சுபோல மாவுப்பூச்சி அப்பியிருக்கும். அது சுரக்கும் இனிப்பு நீருக்காகவே எறும்புகள் வருகின்றன. உடனே வீரியமான பூச்சிமருந்தை அடிப்பது நல்லதன்று. 2008இல் கோவைப் பகுதியில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி செம்பருத்தியையும் விட்டுவைக்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட ஒட்டுண்ணிக் குளவிதான் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. கடுமையான மருந்து இத்தகைய குளவிகளையும் சேர்த்தே கொன்றுவிடும். பூச்சி தாக்கிய நுனிகளை வெட்டி எடுத்து, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி, சோப்புக் கரைசலில் கலந்த வேப்பெண்ணெயைத் தெளித்து, எறும்பு ஏறும் வழியையும் அடைத்தால் வீட்டுத் தோட்டத்துக்குப் பெரும்பாலும் அதுவே போதும்.

அடுத்த சிக்கல் மண். மதில் ஓரத்தில் நட்ட இட்லிப்பூ வெளிறிப்போகிறது என்ற புகாரை அடிக்கடி கேட்கிறேன். இளம் இலைகள் மஞ்சளாகி நரம்புகள் மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறைபாடு. யூரியாவைக் கொட்டுவதால் அது தீராது. வேரடியில் தோண்டினால் சிமென்ட் கட்டிகளும் ஓட்டுச் சில்லுகளும் சுண்ணாம்புப் பூச்சும் வந்துகொண்டே இருக்கும். கட்டுமான வேலை முடிந்ததும் மிச்சத்தையெல்லாம் மதில் ஓரத்தில் தள்ளி மேலே ஒரு சாண் செம்மண் பரப்பிவிடுவது நம் ஊர் வழக்கம். இந்த இடிபாடுகள் மண்ணைக் காரத்தன்மை உடையதாக்குகின்றன. உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர் அதை மேலும் கூட்டுகிறது. அதனால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுத்துக்கொள்ள இயலாமற்போகிறது.

நீளம், அகலம், ஆழம் ஒவ்வொன்றும் 45 செ.மீ. இருக்குமாறு குழி எடுத்து, இடிபாட்டை முழுவதும் அகற்றி, செம்மண்ணும் மக்கிய தொழுவுரமும் கலந்து நிரப்பி நடுவதே நிலையான தீர்வு. உடனடி நிவாரணமாக, லிட்டர் தண்ணீருக்கு ஐந்து கிராம் அன்னபேதி உப்பைச் (இரும்பு சல்பேட்) சிறிது எலுமிச்சைச் சாற்றுடன் கரைத்து மாலையில் இலைகளில் தெளிக்கலாம். (டைல்ஸிலும் வெள்ளைச் சுவரிலும் பட்டால் துருக்கறை பிடிக்கும்; அந்தக் கறைக்கு என்னைத் திட்டியவர்களும் உண்டு.) இவ்வளவு பாடுபட முடியாதவர்கள் காகிதப்பூவோ மருதாணியோ வைப்பது மேல். மருதாணியை ஓரடி இடைவெளியில் நட்டு நுனி கிள்ளி வந்தால் நல்ல உயிர்வேலியாகும். வெயிலும் வறட்சியும் அதற்குப் பொருட்டல்ல. வேகமாக வளரும் வேலி வேண்டுமென்று கோனோகார்பஸ் வாங்குவதை மட்டும் தவிருங்கள்; குஜராத் 2023இலும் தமிழ்நாடு 2025இலும் அதை நடத் தடை விதித்துள்ளன.

எந்த மண்ணிலும் பூக்கும் என்பதால் அரளியைத்தான் எல்லோரும் பரிந்துரைக்கிறார்கள். அதன் வேர், இலை, பூ, பால் அனைத்திலும் இதயத் துடிப்பைக் குலைக்கும் நச்சு இருக்கிறது; மஞ்சள் அரளியின் விதை இன்னும் ஆபத்தானது. அரளியின் நச்சால் ஓர் இளம்பெண் இறந்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்ததை அடுத்து, 2024 மே மாதத்தில் கேரளத்தின் திருவிதாங்கூர் தேவஸ்வம் வாரியம் தன் கோயில்களில் நைவேத்தியத்துக்கு அரளிப்பூ பயன்படுத்துவதை நிறுத்தியது. தவழும் குழந்தை உள்ள வீட்டிலும் ஆடு மாடு வந்துபோகும் இடத்திலும் அரளி வேண்டாம் என்றே சொல்லிவருகிறேன். ஏற்கெனவே இருந்தால், கையுறை அணிந்து வெட்டுங்கள். வெட்டிய கிளைகளை எரிக்காதீர்கள், புகையும் கெடுதியே. யாரேனும் தின்றுவிட்டதாகத் தெரிந்தால் கைவைத்தியம் பார்த்துக் காத்திராமல், அந்தச் செடியின் கிளை ஒன்றையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

கவாத்துக்கும் காலம் உண்டு. குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்திலும், பிச்சியை டிசம்பர் கடைசியிலும், முல்லையை ஜனவரி கடைசியிலும் வெட்ட வேண்டும். குண்டுமல்லிக்குத் தரையிலிருந்து 45 முதல் 50 செ.மீ. உயரம் விட்டால் போதும். செம்பருத்தி புதுத் தளிரில் பூப்பது, ஆகவே அவ்வப்போது இலேசாக நுனி வெட்டலாம். கத்திரி வெயிலில் மட்டும் கத்தரிக்கோலை எடுக்க வேண்டாம்.