ஒரு செம்புத் தண்ணீரும் மூளையின் முன்கணக்கும்

உடன்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டு ஊரொன்றிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: “பனையேறும் என் அப்பா, இறங்கி வந்து ஒரு செம்புத் தண்ணீர் குடித்தவுடனேயே தாகம் அடங்கிவிட்டது என்கிறார். வயிற்றில் விழுந்த தண்ணீர் இரத்தத்தில் சேரவே நேரமாகுமே. அதற்குள் தாகம் எப்படி அடங்கும்?”

கேள்வி மிகச் சரியானது. குடித்த தண்ணீர் இரைப்பையைக் கடந்து, குடற்சுவரால் உறிஞ்சப்பட்டு, இரத்தத்தின் உப்பு அடர்வைத் திருத்துவதற்குப் பத்து நிமிடங்களுக்கு மேல் ஆகும். தாகமோ ஒரு நிமிடத்திற்குள் தணிந்துவிடுகிறது.

முதலில் தாகம் பிறக்கும் வழியைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். சித்திரை வெயிலில் பனையேறும் உடல் தன் சூட்டை வியர்வையின் வழியாகவே இறக்கி வைக்கிறது. 1 லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் தோலை விட்டுப் போய்விடும். வியர்வையில் இருக்கும் உப்பு இரத்தத்தில் இருப்பதைவிடக் குறைவு என்பதால், வியர்க்க வியர்க்க எஞ்சிய இரத்தம் கரிப்பேறுகிறது. இந்த அடர்வு ஓரிரு விழுக்காடு கூடினாலே, மூளையின் ஹைபோதலாமஸ் பகுதியிலும் அதை ஒட்டியும் உள்ள உணர்விச் செல்கள் நீரிழந்து சுருங்கி, அந்தச் சுருக்கத்தையே செய்தியாக அனுப்புகின்றன. ஒருபுறம் தாகம் எழுகிறது. மறுபுறம் பிட்யூட்டரியிலிருந்து வாசோபிரஸ்ஸின் என்னும் ஹார்மோன் சுரந்து சிறுநீரகத்திற்குச் செல்ல, அங்குள்ள நுண்குழாய்ச் செல்கள் உள்ளே மடித்து வைத்திருந்த நீர்க்கால்வாய்ப் புரதங்களைச் சவ்வில் கொண்டுவந்து பதித்து, சிறுநீராகப் போகவிருந்த தண்ணீரை மீட்டுக்கொள்கின்றன. நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டும் சிறுநீரகம் ஒன்றரை லிட்டர் அளவே வெளியேற்றுவதில் இந்த மீட்புக்கும் பங்குண்டு.

இதுவரை சொன்னது பள்ளிப் பாடம். குறை நேர்ந்த பின் அதைச் சரிசெய்யும் ஏற்பாடாகவே அப்பாடம் உடலைக் காட்டுகிறது. மாணவியின் அப்பாவோ, குறை தீரும் முன்பே தீர்ந்ததாக உணர்கிறார்.

விடை 2016இல் சான் பிரான்சிஸ்கோவில் எலிகளிடம் கிடைத்தது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சக்கரி நைட் குழுவினர், மூளையின் நடுவே, இரத்தத்திலுள்ள பொருள்களை மறிக்கும் வழக்கமான தடுப்பு இல்லாத ஒரு சிறு பகுதியில், தாக நரம்புச் செல்களின் துடிப்பை மெல்லிய ஒளியிழை வழியே கவனித்தார்கள். எலி தண்ணீரை நக்கத் தொடங்கியதும், இரத்தத்தில் எந்த மாற்றமும் நிகழும் முன்பே, அச்செல்கள் அடங்கத் தொடங்கின. வாயும் தொண்டையும் இறங்கும் தண்ணீரின் அளவைக் கணக்கிட்டு, ‘இவ்வளவு வந்துகொண்டிருக்கிறது’ என்று முன்கூட்டியே மூளைக்குச் சொல்லிவிடுகின்றன. மூளை அதை நம்பி, கடன் அடைந்ததாகவே கணக்கை எழுதிவிடுகிறது. உணவு உண்ணத் தொடங்கியதும் அதே செல்கள், உணவின் உப்பு இரத்தத்தில் சேரும் முன்பே, தூண்டப்பட்டன. வாயில் படும் குளிர்ச்சி மட்டுமே அவற்றை ஓரளவு அடக்கியது என்பதைப் படித்தபோது, எங்கள் வீட்டுத் திண்ணை மண்பானைத் தண்ணீரின் மகிமை எனக்கு ஒருவாறு விளங்கியது.

தொண்டையை ஏமாற்ற முடியாதா? முடியும், சிறிது நேரம் மட்டும். 2019இல் அதே குழு எலிகளுக்கு உப்புத் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தபோது தாகச் செல்கள் முதலில் அடங்கின. உப்பு குடலை எட்டியதும் அங்கிருந்து மறுப்புச் செய்தி போய், மீண்டும் கிளர்ந்தெழுந்தன. தொண்டை அளவை எண்ணுகிறது. குடல் தரத்தைச் சோதிக்கிறது. இறுதித் தீர்ப்பை இரத்தம் வழங்குகிறது. இந்த மூன்று கட்டத் தணிக்கையை நம் அலுவலகங்கள் எதிலும் நான் கண்டதில்லை.

ஆனால் தாகம் அடங்குவதும் இழந்த உப்பு திரும்புவதும் ஒன்றல்ல. நெடுநேரம் வியர்த்தவர் வெறுந்தண்ணீரையே மிகையாகக் குடித்தால் இரத்தத்தின் சோடியம் நீர்த்துப் போகலாம். நம் பக்கத்தில் வேலைக்குப் போகுமுன் உப்பிட்டு நீராகாரம் குடிக்கும் வழக்கம் இந்த வகையில் பொருத்தமானது: நீராகாரத்தில் கரைந்த சோற்றின் மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாகிறது; குடற்சுவரில் அந்தக் குளுக்கோஸும் சோடியமும் ஒரே வாயிற்புரதத்தின் வழியாகச் சேர்ந்து நுழைய, தண்ணீரும் அவற்றைத் தொடர்ந்து உள்ளே வருகிறது. இவ்விரண்டின் கூட்டை 1960இல் ராபர்ட் கிரேன் முன்வைத்தபோது அது வெறும் குடல் ஆராய்ச்சி. 1971இல் வங்கதேச அகதிகளிடையே காலரா பரவியபோது, திலீப் மஹலானோபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் கொடுத்தே எண்ணற்றவர்களைப் பிழைக்க வைத்தார். எலியின் தாகத்தை அளக்க எதற்கு அரசுப் பணம் என்று கேட்போரிடம் நான் இதையே சொல்வது வழக்கம்.

மாணவியின் அப்பா செம்பைக் கீழே வைத்தபோது அந்தத் தண்ணீரின் பெரும்பகுதி இன்னும் வயிற்றில்தான் இருந்தது. அது இரத்தத்தில் கலந்து மூளை எழுதிய கணக்கை மெய்யாக்கும் வேளையில், அவர் அடுத்த பனையின் பாதி உயரத்தில் இருந்திருப்பார்.