அவல நகை: 'பிளாக் காமெடி'யைத் தமிழில் எப்படிச் சொல்வது?

திரை விமர்சனங்களில் தாராளமாகப் புழங்கும் சொல் 'பிளாக் காமெடி'. 'டார்க் காமெடி' என்பதும் இதுவே. சாவு, நோய், வன்முறை என்று எவற்றைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என ஒதுக்கி வைத்திருக்கிறோமோ, அவற்றிலிருந்தே பிறக்கும் நகைச்சுவை.

சொல் பரவியது பிரான்சிலிருந்து. கனவையும் ஆழ்மனத்தையும் கலைக்குள் கொண்டுவந்த சர்ரியலிச இயக்கத்தின் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன், 1940இல் அச்சான தம் தொகைநூலுக்குக் 'கறுப்பு நகைச்சுவை' என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடரைத் தலைப்பாக்கினார். அதில் அவர் முன்னோடியாக நிறுத்தியவர் டப்ளினில் பிறந்த ஜொனாதன் ஸ்விஃப்ட். ஏழைகளின் குழந்தைகளை உணவாக விற்றால் அயர்லாந்தின் வறுமை தீரும் என்று, பொருளாதார அறிக்கைக்குரிய நிதானத்தோடு 1729இல் எழுதியவர்.

அந்த அயர்லாந்து மரபு இன்னும் வற்றவில்லை. மார்ட்டின் மெக்டோனாவின் 'தி பியூட்டி குயின் ஆஃப் லீனான்' நாடகத்தை 1996இல் கால்வே நகரில் ட்ரூயிட் குழு முதலில் மேடையேற்றியது. இயக்கம் கேரி ஹைன்ஸ். கதை நடப்பது கன்னிமாரா வட்டாரத்துச் சிற்றூரில். (சென்னை நூலகத்துக்குப் பெயர் தந்த ஆளுநரின் பட்டத்தில் இருப்பதும் இந்த வட்டாரம்தான்.) எழுபது வயதுத் தாய் மாக், நாற்பது வயது மகள் மொரீன். கஞ்சிக்கும் காம்ப்ளானுக்கும் ஓயாத சண்டை. தாய் தன் சிறுநீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டுகிறாள். மகள் அந்த ரகசியத்தை விருந்தாளியின் எதிரிலேயே போட்டு உடைக்கிறாள். அரங்கம் சிரிக்கிறது. அதே காட்சியில்தான் தாய் தன் வெந்த கையைக் காட்டி, இது மகள் செய்த வேலை என்கிறாள். அடுப்புக் கிளறும் இரும்புக் கம்பியை விலைக்குக் கேட்டு ஓர் இளைஞன் நச்சரிப்பதும் முதலில் வேடிக்கைதான். அந்தக் கம்பிதான் கடைசியில் கொலைக்கருவி.

இதைத் தமிழில் 'கறுப்பு நகைச்சுவை' என்பது எனக்கு உவப்பில்லை. நிறத்தைத் தீமையோடு முடிச்சுப்போடும் வழக்கம் நமக்கு வேண்டாம். தவிர, 'கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள' என்கிறது தொல்காப்பியம்; அந்தக் கணக்கில் கறுப்பு நகை என்றால் கோபச் சிரிப்பு. 'இருண்மை'யோ புரியாத கவிதையைக் குறிக்க ஏற்கெனவே புழங்குகிறது.

நான் பரிந்துரைப்பது 'அவல நகை'. இதற்கு அடிப்படையும் தொல்காப்பியத்தில், உணர்ச்சிகள் உடலில் வெளிப்படுவதைப் பேசும் மெய்ப்பாட்டியலிலேயே இருக்கிறது. நகை பிறக்கும் நான்கு இடங்களில் முதலாவது எள்ளல். அழுகை (அவலம்) பிறக்கும் நான்கில் முதலாவது இளிவு, அதாவது பிறர் இகழ எளியராதல். மகள் எள்ளும்போது தாய் இளிவுறுகிறாள், நடப்பது ஒன்றே. நகையும் அழுகையும் ஒரே செயலின் இரண்டு பக்கங்களாக நிற்பதைக் காட்ட, இதைவிடத் துல்லியமான விளக்கம் எந்த மேலைக் கலைச்சொல் அகராதியிலும் நான் பார்த்ததில்லை.

துன்பமும் இன்பமும் மாறிமாறி வரும் நாடகத்தைத் 'துன்ப இன்பியல்' என்றே சொல்லலாம். அவல நகையில் இரண்டும் ஒரே நொடியில் நிகழ வேண்டும். ரத்தம் தெறிக்க நாலு ஜோக் அடித்துவிட்டு, அடிபட்டவரின் இளிவை ஒரு கணமும் உணரவைக்காத படத்துக்கு இந்தச் சொல்லைக் கொடுக்கக் கூடாது.