ஒரே ஸ்பூனில் ஊட்டினால் குழந்தைக்குப் பல் சொத்தை வருமா?

"சோறு சூடாக இருக்கிறதா என்று என் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு அதே ஸ்பூனில் குழந்தைக்கு ஊட்டுகிறேன். பல் சொத்தையாகும் என்று வீட்டில் சண்டை" என்று ஒரு வாசகி எழுதியிருந்தார்.

கிருமி போகும், சரிதான். பிறந்த சில நாட்களிலேயே குழந்தையின் வாயில் பலவகை பாக்டீரியாக்கள் குடியேறிவிடும். பெரும்பாலானவை சாது. சொத்தைக்குப் பேர்போன ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் பொதுவாகப் பல் முளைத்த பிறகுதான் கால் ஊன்றும். ஒட்டிக்கொள்ள அதற்குக் கெட்டியான பரப்பு வேண்டும். அமெரிக்காவின் அலபாமாவில் பேஜ் காஃபீல்ட் குழுவினர் தாய்மார்களையும் குழந்தைகளையும் தொடர்ந்து கவனித்து 1993-இல் முடிவை வெளியிட்டார்கள். கிருமி தொற்றிய குழந்தைகளுக்கு அது வந்து சேர்ந்தது 26 மாத வயதையொட்டி. பிறகு கிருமிகளின் டி.என்.ஏ.வை ஒப்பிட்டதில், பத்தில் ஏழு குழந்தைகளிடம் இருந்தது அம்மாவிடம் இருந்த அதே ரகம்.

ஆனால் வந்த கிருமி நிலைக்க வேண்டுமே. அங்கேதான் சர்க்கரை வருகிறது. நாம் காபியில் போடும் சர்க்கரை குளுக்கோசும் ஃப்ரக்டோசும் கைகோத்த மூலக்கூறு. மியூட்டன்ஸ் தன் உடலுக்கு வெளியே ஒரு நொதியை விடுகிறது. அது அந்தக் கையை வெட்டுகிறது. வெட்டும்போது கிடைக்கும் ஆற்றலை வைத்தே குளுக்கோசை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து நீண்ட சங்கிலியாக்குகிறது. கையிலிருந்து ஒரு பைசா செலவில்லை! அந்தச் சங்கிலி தண்ணீரில் கரையாத பசை. பல்லோடும் மற்ற கிருமிகளோடும் ஒட்டிக்கொள்ளும். மீந்த ஃப்ரக்டோசை மியூட்டன்ஸ் தின்று லாக்டிக் அமிலமாக்கும். பசைக்கு அடியில் உமிழ்நீர் எளிதில் எட்டாது, அமிலம் அங்கேயே தங்கும், பி.எச். (இந்த எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5-க்குக் கீழே போனால் எனாமலிலிருந்து கால்சியம் கரையத் தொடங்கும். வெறும் குளுக்கோசைக் கொடுத்தால் இந்த நொதியால் பசை செய்ய முடியாது. பாலில் உள்ள லாக்டோசிலும் முடியாது. இத்தனையும் நடக்க, பல்லில் பூச்சி என்று இன்னமும் கண்டங்கத்திரி விதைப் புகை பிடிப்பவர்களை என்ன சொல்ல?

ஃபின்லாந்தின் இலிவியெஸ்கா என்ற ஊரில் ஒரு ஆய்வு நடந்தது. வாயில் மியூட்டன்ஸ் மிகுந்த தாய்மார்கள், குழந்தைக்கு 3 மாதம் ஆனதிலிருந்து 2 வயது வரை, சர்க்கரைக்குப் பதிலாக சைலிட்டால் என்ற இனிப்பு சேர்த்த சூயிங்கம் மென்றார்கள். குழந்தைகள் மெல்லவில்லை. இரண்டு வயதில் அந்தக் குழந்தைகளில் 9.7 சதவீதத்தினரிடம்தான் கிருமி இருந்தது. தாய்மார்களுக்கு ஃப்ளூரைடு பூச்சு மட்டும் போட்ட குழுவில் 48.5 சதவீதம். சைலிட்டாலைச் சர்க்கரை என்று நம்பி கிருமி உள்ளே இழுக்கும், ஜீரணிக்க முடியாமல் வெளியே தள்ளும், மறுபடி இழுக்கும். வெட்டி வேலை.

ஆகவே அந்த வாசகி தன் பல்லில் சொத்தை இருந்தால் முதலில் அடைத்துக்கொள்ளட்டும், பால் புட்டியில் சர்க்கரை போடுவதை நிறுத்தட்டும். ஸ்பூனையும் தனியாக வைத்துக்கொள்ளலாம்தான், ஆனால் கொஞ்சும்போது எச்சில் போகாமலா இருக்கும்? கர்ப்பப் பரிசோதனையில் எடை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்க்கிறார்கள், வாயைத் திறக்கச் சொல்பவர் அபூர்வம். அதற்கும் கொஞ்சம் நிதி ஒதுக்கலாம்.

அப்புறம், சைலிட்டால் சூயிங்கம் வாங்கினால் வீட்டு நாய்க்கு எட்டாமல் வையுங்கள். நாய்களுக்கு அது கடும் விஷம்.